முதல் டைம்ஷேர் வாங்கும் முன்: வைத்துப் பயன்படுத்துகிறவளின் மதிப்பீடு

டைம்ஷேர், அதாவது ஒரு விடுமுறை வீட்டை வருடத்தில் சில நாட்கள் மட்டும் பயன்படுத்தும் உரிமை, வாங்கலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் ஒன்று கேட்பேன்: அடுத்த வருடம் எந்த வாரத்தில் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைக்கும் என்று இன்றைக்கே சொல்ல முடியுமா? முடியும் என்றால் மேலே பேசலாம். "அது எப்படி இப்பவே தெரியும்?" என்றால் இது உங்களுக்கான பொருள் இல்லை. சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

எங்கள் குடும்பத்தில் இரண்டு விதமான டைம்ஷேரும் இருக்கிறது. என் அண்ணன், ரிசார்ட்டை விற்கும் கம்பெனியிடமே நேராக வாங்கினார். நாங்கள் அதே ரிசார்ட்டில், அதே அளவு வீட்டை, இனி வேண்டாம் என்று ஒதுங்கிய ஒருவரிடமிருந்து மாற்றி எழுதி வாங்கிக்கொண்டோம். பதிவு செய்வது, கட்டணம் கட்டுவது, சண்டை போடுவது எல்லாம் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து என் பொறுப்பு. அதனால் இரண்டின் நல்லது கெட்டதும் எனக்குத் தெரியும்.

நல்லதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்லது. ஹோட்டல் அறையில் ஐந்து பேர் ஒரு வாரம் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், மூன்றாம் நாள் யாராவது யாரிடமாவது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எங்கள் டைம்ஷேர் வீட்டில் இரண்டு படுக்கையறை, நடுவில் ஒரு கூடம், முழுச் சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம் இருக்கின்றன. மாமியார் ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவார், பிள்ளைகள் பதினொன்று வரை கூடத்தில் கத்திக்கொண்டிருப்பார்கள். ஒருவருக்கு ஒருவர் தொந்தரவு இல்லை. மூன்று வேளையும் வெளியில் சாப்பிட்டாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மாமியாருக்கு உப்பு குறைவாக வேண்டும், சின்னவனுக்குச் சில பொருள் ஒத்துக்கொள்ளாது. சமையலறை இருப்பதால் அந்த இரண்டு கவலையும் போய்விட்டது. பாதி வாரத்தில் துணி துவைத்துக்கொள்ளலாம் என்பதால் பெட்டியும் பாதியாகக் குறைந்தது. இந்த ஒரு விஷயத்துக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். ஆனால் இதை அனுபவிக்க டைம்ஷேர் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அதை அப்புறம் சொல்கிறேன்.

எதை வாங்குகிறோம் என்பது பலருக்கும் கையெழுத்துப் போட்ட பிறகும் தெளிவாவதில்லை. பழைய முறை, ஒரு வீட்டின் குறிப்பிட்ட வாரம். வருடத்தின் 52 வாரங்களுக்கும் எண் உண்டு, உங்கள் எண் வந்தால் வீடு உங்களுடையது. அடுத்தது மிதக்கும் வாரம்: ஒரு சீசனுக்குள் எந்த வாரமும் கேட்கலாம், முந்தியவருக்குக் கிடைக்கும். இன்றைக்கு அதிகம் விற்பது பாயின்ட் முறை. வருடத்துக்கு இத்தனை பாயின்ட் தருவார்கள், அதைக் கொடுத்து நாட்களை எடுத்துக்கொள்ள வேண்டும். இது ஏதோ புதுக் கண்டுபிடிப்பு மாதிரி விற்பனைக்காரர்கள் பேசுவார்கள். ஆனால் சுவிட்சர்லாந்தின் ஹாப்பிமாக் 1963-லேயே உறுப்பினர்கள் சேர்ந்து விடுமுறை வீடுகளைப் பகிரும் முறையைத் தொடங்கிவிட்டது. இதெல்லாம் போக, பத்திரப்பதிவோடு சொத்தின் ஒரு பங்காக வருவதும் உண்டு, குறிப்பிட்ட ஆண்டு வரை பயன்படுத்தும் உரிமை மட்டும் வருவதும் உண்டு. "சொந்தமாகிறது" என்று சொன்னால், எந்தப் பத்திரத்தில், எந்த ஆண்டு வரை என்று கேளுங்கள். டிஸ்னி வெக்கேஷன் கிளப் 1991-இல் விற்கத் தொடங்கிய முதல் ரிசார்ட்டின் பழைய ஒப்பந்தங்கள் 2042 ஜனவரியோடு முடிகின்றன. அவ்வளவு பெரிய பெயரே முடிவுத் தேதியோடுதான் விற்கிறது.

முடிவுத் தேதி இருப்பது குறை என்று நினைக்காதீர்கள். நான் அதை நல்ல குணமாகவே பார்க்கிறேன். காரணம், பராமரிப்புக் கட்டணம்.

விலையைப் பற்றித்தான் எல்லோரும் பேரம் பேசுகிறார்கள். விலை ஒரு தடவை கட்டுவது. பராமரிப்புக் கட்டணம் வருடா வருடம் வரும், நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் வரும், ஏறிக்கொண்டே வரும். ஒரு உதாரணக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வாங்கும் விலை நூறு, முதல் ஆண்டுக் கட்டணம் நான்கு என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 5 சதவீதம் ஏறினால், இருபதாம் ஆண்டில் அந்த நான்கு பத்தைத் தாண்டிவிடும். இருபது ஆண்டும் கட்டியதைக் கூட்டினால் 132 வருகிறது. அதாவது வாங்கிய விலையை விட அதிகம். விலையோடு சேர்த்து 232, இருபது வாரத்துக்கு வகுத்தால் வாரத்துக்கு 11.6. இதில் கடன் வட்டியைச் சேர்க்கவில்லை, போய் வரும் செலவையும் சேர்க்கவில்லை. உங்களுக்குச் சொல்லப்பட்ட விலையையும் கட்டணத்தையும் இதே கணக்கில் போட்டு, வரும் தொகைக்கு அதே மாதிரி வீடு வெளியில் வாடகைக்குக் கிடைக்குமா என்று பாருங்கள். பெரும்பாலும் விடை அங்கேயே கிடைத்துவிடும்.

இந்தக் கணக்கை அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் போட்டுக் காட்டியபோது அண்ணி கேட்டார், "அப்போ நாங்க கட்டுறதும் நீங்க கட்டுறதும் ஒண்ணா?" ஆண்டுக் கட்டணம் ஒன்றேதான். கம்பெனியிடம் வாங்கியவருக்கும் பழையதை வாங்கியவருக்கும் அதில் ஒரு பைசா வித்தியாசம் இல்லை. வித்தியாசம் எல்லாம் அந்த நூறில்தான். மாற்றி வாங்கும்போது நூறுக்குப் பதில் ஐந்து கொடுத்தால், அதே கணக்கில் வாரத்துக்கு ஏழுகூட வராது. கிட்டத்தட்ட அறுபது சதவீதம்தான்.

கட்டணம் தவிர சிறப்பு வசூல் என்று ஒன்று உண்டு. புயலில் கூரை போனால், நீச்சல்குளத்தைப் புதுப்பித்தால், லிப்ட் மாற்றினால், இருப்பு நிதி போதவில்லை என்றால் உரிமையாளர்கள் எல்லோரும் பங்கு போட வேண்டும். ஆகவே வாங்கும் முன் இரண்டு காகிதம் கேளுங்கள்: கடந்த ஐந்தாண்டுக் கட்டண விவரம், இருப்பு நிதியின் நிலை. "வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏறும்" என்ற வாய்ச்சொல் கணக்காகாது. கட்டண உயர்வுக்கு உச்சவரம்பு ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுடையதில் இல்லை, தெரிந்தேதான் வாங்கினோம், அதனால்தான் முடிவுத் தேதி உள்ளதாகத் தேடினோம்.

இப்போது பதிவுக்கு வருவோம். எனக்கு இதில் தனி ஆர்வம் உண்டு என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். பள்ளி விடுமுறை வாரங்களில்தான் குடும்பங்கள் போக முடியும், எல்லாக் குடும்பங்களும் அதே வாரத்தைத்தான் கேட்கும். ரிசார்ட்டில் வீடுகள் எத்தனையோ அத்தனைதான். எனவே பதிவு திறக்கும் நாளில், திறக்கும் மணியில் உட்காருபவருக்குத்தான் கிடைக்கும். பல கிளப்களில் தாய் ரிசார்ட்டுக்கு, அதாவது நீங்கள் வாங்கிய இடத்துக்கு, முன்னுரிமை உண்டு. டிஸ்னி கிளப்பில் சொந்த ரிசார்ட்டுக்கு 11 மாதம் முன்பும் மற்றவற்றுக்கு 7 மாதம் முன்பும் திறக்கும். அந்த நான்கு மாத இடைவெளியில்தான் எல்லாம் முடிவாகிறது. இதனால் நான் சொல்வது: எங்கே அடிக்கடி போக விரும்புகிறீர்களோ அங்கேயே வாங்குங்கள். "மலிவான இடத்தில் வாங்கிவிட்டு நல்ல இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்" என்பது விற்பனை மேஜையில் மட்டும் நன்றாக வேலை செய்யும் யோசனை.

அந்த மாற்றிக்கொள்ளும் வேலைக்கென்றே இரண்டு பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. ஆர்சிஐ 1974-இல் தொடங்கியது, இன்டர்வல் இன்டர்நேஷனல் 1976-இல். உங்கள் வாரத்தை அவர்களிடம் போட்டுவிட்டு வேறு ஊரில் ஒரு வாரம் எடுக்கலாம். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நீங்கள் எதைப் போடுகிறீர்களோ அதன் மதிப்புக்குத்தான் திரும்பக் கிடைக்கும். ஆர்சிஐயின் பழைய வண்ணக் கணக்கில் சிவப்பு என்றால் கூட்டம் அலைமோதும் காலம், வெள்ளை நடுத்தரம், நீலம் யாரும் சீண்டாத காலம். நீல வாரத்தைப் போட்டு சிவப்பு வாரத்தை எதிர்பார்த்தால் வரிசையில் நின்றுகொண்டே இருக்கலாம். அது போக ஆண்டுச் சந்தா தனி, ஒவ்வொரு மாற்றலுக்கும் கட்டணம் தனி, உங்களுக்குப் பதில் தங்கச்சி குடும்பத்தை அனுப்பினால் விருந்தினர் சான்றிதழ் என்று இன்னொரு கட்டணம். சில ரிசார்ட்டுகளில் போய் இறங்கியதும் சாப்பாடு உட்பட எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கட்டாயத் தொகை வாங்குவார்கள். பதிவு செய்யும் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் அது போட்டிருக்கும், பார்க்காமல் விடாதீர்கள்.

என் அனுபவத்தில் மாற்றல் யாருக்கு ஒத்துவரும் என்றால், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு. கூட்டம் குறைந்த மாதத்தில் எங்கே காலியோ அங்கே போவோம் என்று இருப்பவர்களுக்கு நல்ல நல்ல வீடுகள் மாட்டும். எங்களை மாதிரிக் குடும்பத்துக்கு அது எப்போதாவது அடிக்கும் அதிர்ஷ்டம். அண்ணன் வாங்கும்போது உலகப் படம் ஒன்றைக் காட்டி அத்தனை புள்ளிக்கும் போகலாம் என்றார்கள். இன்றும் அவர் போவது அந்த ஒரே ரிசார்ட்டுக்குத்தான். அவருக்கு அதில் வருத்தம் இல்லை, கடல் பக்கத்தில் இருந்தால் போதும் அவருக்கு.

இனி விற்பனைக் கூடம். பரிசு, இலவசத் தங்கல், தள்ளுபடிச் சீட்டு என்று ஏதாவது ஒன்றுக்காகக் கூப்பிடுவார்கள். தொண்ணூறு நிமிடம் என்பார்கள், கடிகாரம் அங்கே வேறு மாதிரி ஓடும். முதலில் ஒருவர் உங்கள் குடும்பக் கதையெல்லாம் கேட்பார். பிள்ளைகள் எந்த வகுப்பு, போன விடுமுறைக்கு எங்கே போனீர்கள், எவ்வளவு ஆனது என்று விசாரிப்பார். நீங்கள் சொன்னதையெல்லாம் வைத்தே பின்னால் கணக்குப் போடுவார். வேண்டாம் என்றால் மேலாளர் என்று இன்னொருவர் வருவார், விலை குறையும். அதற்கும் வேண்டாம் என்றால் மூன்றாமவர் வந்து, ஏதோ ஒருவர் திருப்பிக்கொடுத்த வாரம் இருக்கிறது, இன்று மட்டும் இந்த விலை என்பார். இன்று மட்டும் என்ற வார்த்தையைக் கேட்டதும் எழுந்துவிடலாம். நாளைக்குப் போனாலும் அந்த விலை இருக்கும், இல்லாவிட்டால் அதைவிடக் குறைவாக இருக்கும்.

கணவன் மனைவி இருவரும் வர வேண்டும் என்று வற்புறுத்துவதற்கும் காரணம் உண்டு. "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று தப்பிக்கும் வழியை அடைப்பதுதான் அது. நாங்கள் உள்ளே போகும் முன்பே பேசி வைத்துக்கொண்டோம்: இன்று எதிலும் கையெழுத்து இல்லை, கடன் அட்டையை வெளியில் எடுப்பதில்லை. இப்படி முன்பே முடிவு செய்தவர்களுக்கு அது ஒரு சுவாரசியமான மதியப் பொழுது. முடிவு செய்யாமல் போகிறவர்களுக்காகத்தான் அந்தக் கூடமே கட்டப்பட்டிருக்கிறது.

கேட்கக் கூச்சப்படாமல் கேட்க வேண்டிய ஒன்று: "நான் அடுத்த மாதமே இதைத் திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு தருவீர்கள்?" எங்களுக்கு விற்க வந்தவர் நல்ல பையன், சிரித்துக்கொண்டே வேறு பேச்சுக்குப் போய்விட்டார். முதலீடு என்று யாராவது சொன்னாலும் இதே கேள்வியைக் கேளுங்கள். விடுமுறைக்கு முன்கூட்டியே கட்டும் செலவு இது. விற்று லாபம் பார்ப்பதை மறந்துவிடுங்கள். கடன் தருகிறோம் என்றால் வட்டி விகிதத்தை எழுத்தில் கேட்டு, உங்கள் வங்கியின் வட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொதுவாகக் கம்பெனிக் கடன் நிறைய அதிகம்.

ஒருவேளை கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள், இரவு தூக்கம் வரவில்லை என்றால், பல நாடுகளில் சட்டம் சில நாள் அவகாசம் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டு உத்தரவின்படி 14 நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் விலகலாம், அந்த நாட்களில் முன்பணம் வாங்கவும் கூடாது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: புளோரிடாவில் 10 நாள், கலிபோர்னியாவில் 7 நாள். ரிசார்ட் இருக்கும் இடத்தின் சட்டமா, நீங்கள் கையெழுத்துப் போட்ட இடத்தின் சட்டமா என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். ரத்து செய்வதாக இருந்தால் போனில் சொல்லி விட்டுவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் சொல்லியிருக்கும் முகவரிக்கு, சொல்லியிருக்கும் விதத்தில், அனுப்பியதற்குச் சான்று இருக்கும்படி எழுதி அனுப்புங்கள். போனில் பேசினால் "இரண்டு நாளில் எங்கள் மேலாளர் கூப்பிடுவார்" என்பார்கள், அந்த இரண்டு நாளும் உங்கள் கணக்கிலிருந்துதான் கழியும்.

சரி, வாங்கியே தீருவது என்றால்? முதலில் வாடகைக்கு எடுங்கள். போக முடியாத உரிமையாளர்கள் தங்கள் வாரத்தைப் பெரும்பாலும் பராமரிப்புக் கட்டணத்தை ஒட்டிய தொகைக்கே வாடகைக்கு விடுகிறார்கள். அதே வீடு, அதே சமையலறை, அதே குளம். கையில் எந்தப் பொறுப்பும் மிஞ்சாது. ஒரு தடவை இப்படி இருந்து பார்த்தால் மேலாளர் காட்டாத விஷயங்களும் கண்ணில் படும்: மெத்தை எப்படி இருக்கிறது, லிப்ட் வேலை செய்கிறதா, மேல் மாடி நடமாட்டம் தலைக்குள் கேட்கிறதா. எங்கள் ரிசார்ட்டில் பழைய கட்டடத்தின் குளியலறைகளில் தண்ணீர் சூடாக நேரமாகும். புதிய கட்டடத்தில் அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் கடல் தெரியாது. வாடகைக்கு இருந்ததால்தான் எந்தக் கட்டடம் என்று எழுதி வாங்க எங்களுக்குத் தோன்றியது. அந்த நாட்களில் குளத்தோரம் உட்கார்ந்திருக்கும் பழைய உரிமையாளர்களிடம் பேசிப் பாருங்கள். கட்டணம் ஏறிய கதை, பதிவு கிடைக்காத கதை எல்லாம் அவர்களே சொல்வார்கள், நிறுத்த மாட்டார்கள்.

அப்புறம் பழையதாக வாங்கிக்கொள்ளுங்கள். விலகத் துடிக்கும் உரிமையாளர்கள் நிறைய, வாங்குகிறவர்கள் குறைவு, அதனால் பெயர் மாற்றும் செலவு மட்டும் கொடுத்தால் போதும் என்கிற அளவுக்குக்கூடக் கிடைக்கும். பார்க்க வேண்டியவை சில உண்டு. பழைய பாக்கி எதுவும் இல்லை என்று ரிசார்ட்டிடமிருந்தே கடிதம் வாங்குங்கள். முதலில் வாங்கும் உரிமை கம்பெனிக்கு இருந்தால், அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் வரை பணத்தை நடுநிலையான மூன்றாவது ஆள் கணக்கில் வையுங்கள். பழையதாக வாங்குபவருக்குச் சில சலுகைகள் வெட்டப்படும் என்பதையும் விசாரியுங்கள். டிஸ்னி கிளப்பில் 2019-க்குப் பிறகு பழைய 14 ரிசார்ட்டுகளில் ஒன்றை இப்படி வாங்கினால், அதை வைத்துப் புதிய ரிசார்ட்டுகளில் தங்க முடியாது. எங்கள் கிளப்பிலும் அண்ணனுக்குக் கிடைக்கும் சீக்கிரச் செக்-இன் எங்களுக்குக் கிடையாது. மதியம் வரை பெட்டிகளோடு வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறோம். விலை வித்தியாசத்துக்கு அது பரவாயில்லை.

வெளியே வரும் வழியை உள்ளே போகும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும். முடிவே இல்லாத ஒப்பந்தம் என்றால் கட்டணப் பொறுப்பு உங்களுக்குப் பிறகு பிள்ளைகளின் வாசலில் வந்து நிற்கும். ஏற்க மறுக்க அவர்களுக்குச் சட்டத்தில் வழி இருக்கலாம், ஆனால் அதற்கும் காலக்கெடு உண்டு, அலைச்சல் உண்டு. ஸ்பெயினில் 1998-இல் வந்த சட்டம் இத்தகைய ஒப்பந்தங்களுக்கு 50 ஆண்டு உச்சவரம்பு வைத்தது. அதை மீறி முடிவில்லாமல் எழுதியவை செல்லாது என்று 2015-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லா இடத்திலும் நீதிமன்றம் வந்து காப்பாற்றும் என்று இருக்க முடியாது. குறிப்பிட்ட வயதுக்குப் பின் அல்லது குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பின் கம்பெனியே திரும்ப எடுத்துக்கொள்ளும் என்ற விதி இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உரிமையாளர் ஆன பிறகு உங்களுக்குப் போன் வரத் தொடங்கும். உங்கள் வாரத்தை வாங்க ஆள் தயாராக இருக்கிறார், நல்ல விலை, வரிக்காகவோ பதிவுக்காகவோ கொஞ்சம் பணம் மட்டும் முன்னால் அனுப்புங்கள் என்பார்கள். நீங்கள் வாங்கிய விலை, வார எண் எல்லாம் சரியாகச் சொல்வார்கள், அதனால் நம்பத் தோன்றும். மெக்சிகோவின் புவெர்ட்டோ வல்லார்டாவில் இந்த ஏமாற்று வேலையைப் போதைப்பொருள் கும்பலே தொழிலாக நடத்துகிறது என்று சொல்லி, அமெரிக்க நிதித் துறை 2023-இல் அதில் சம்பந்தப்பட்டவர்கள் மீது தடை விதித்தது. ஏமாந்தவர்களில் பலர் வயதானவர்கள். முன்பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள், பேச்சுக்குப் பேச்சு பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். அண்ணனுக்கு இப்படி அழைப்பு வரும்போதெல்லாம் என் நம்பரைக் கொடுத்துவிடுகிறார். நான் பாக்கி இல்லா கடிதத்தையும் வாங்குபவரின் வழக்கறிஞர் பெயரையும் கேட்பேன். அடுத்த அழைப்பு இதுவரை வந்ததில்லை.